அணையோரத்துப் படகு: மழைக்காலத்தில் கரையேற்றுவதா, தண்ணீரிலேயே கட்டி வைப்பதா?

ஐப்பசி பிறந்து தை முடியும் வரை, பவானிசாகர், மேட்டூர், ஆழியாறு, அமராவதி ஓரங்களில் வாரக்கணக்கில் சும்மா நிற்கும் படகுகளும் பரிசல்களும் உண்டு. அவற்றைக் கரையில் ஏற்றி வைப்பதா, தண்ணீரிலேயே கட்டி விடுவதா என்று யோசித்து இணையத்தில் தேடினால், கிடைப்பதெல்லாம் ஏரி உறைந்துபோகும் நாடுகளின் யோசனை. எஞ்சினுக்குள் உறைதடுப்புத் திரவம் ஊற்று, படகு முழுக்க பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சூடுகாட்டி இறுக்கு என்பார்கள். நமக்கு இரண்டும் வேண்டாம். மார்கழிக் குளிரில் எஞ்சினுக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிக்கப் போவதில்லை. இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக்கோ நம் வெயிலில் உள்ளே புழுங்கி, வயரிலிருந்து சீட் வரைக்கும் பூஞ்சை பிடிக்க வைக்கும்.

நம் பக்கத்தில் படகைக் கெடுப்பது தண்ணீர் மட்டத்தின் ஏற்ற இறக்கம். அதற்கு அடுத்தது உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர். இந்த இரண்டையும் வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலோருக்குப் பதில் கரைதான். தண்ணீரில் விடலாம் என்பது, இரண்டு நாளுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க ஆள் இருப்பவர்களுக்கு மட்டும்.

மட்டக் கணக்கு

பவானிசாகரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அக்டோபர் கடைசி வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை, நவம்பர் முதல் 105 அடி வரை தேக்கலாம் என்பது அங்கே நடைமுறை. அக்டோபரில் தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளிக் கரையில் படகை இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், நவம்பர் மழையில் அது தானாக மிதந்துவிடும். கரைச் சரிவு 20 அடிக்கு 1 அடி என்று வைத்தால், மட்டம் 3 அடி ஏறும்போது தண்ணீர் 60 அடி உள்ளே வந்து நிற்கும்.

இறங்கும்போதும் இதே கணக்குதான். கீழ்பவானி வாய்க்காலில் முழு அளவான விநாடிக்கு 2300 கன அடி போனால், ஐந்து நாளில் ஏறக்குறைய 1 டி.எம்.சி. காலியாகும். அணை நிறைந்திருக்கும்போது 1 டி.எம்.சி. என்பது சுமார் ஒன்றேகால் அடி மட்டம். மேலே மழையில்லாமல் வரத்து நின்றுபோன பத்து நாளில் இரண்டரை அடி இறங்கும், கரை 50 அடி பின்வாங்கும். மூன்றடி ஆழத்தில் கட்டிய படகு அதற்குள் தரை தட்டிவிடும். தரை தட்டுவது மட்டும் என்றால் பரவாயில்லை. அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் பயம். நம் அணைகளின் அடியில் இருப்பது பழைய ஊரும் தோட்டமும். மட்டம் இறங்கினால் பவானிசாகரில் டணாய்க்கன்கோட்டைக் கோயிலும், மேட்டூர் அணையின் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கோயில் தெரிகிற அளவுக்கு இறங்குவதற்கு முன்பே வேலிக்கல், கிணற்றுச் சுவர், கருவேல மரக் கட்டை எல்லாம் படகின் அடிவயிற்றுக்கு எட்டிவிடும். மூன்று ஆள் எடையுள்ள படகு ஒரே ஒரு கட்டை முனையில் இரவு முழுக்க உட்கார்ந்து ஆடினால், காலையில் ஃபைபர் விரிசல் விட்டிருக்கும்.

மேட்டூர் 120 அடி. பாசனத்துக்கு ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம். மூடியபின் மட்டம் மெதுவாகத்தான் அசையும் என்பதால், மாசி பங்குனியில் மேட்டூரில் படகு கட்டுவது ஐப்பசி கார்த்திகையில் கட்டுவதைவிட எளிது. அமராவதி 90 அடி, கொள்ளளவு 4 டி.எம்.சி. சொச்சம்தான். பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் மலையிலிருந்து நேராக இறங்கி வருவதால், ஒரே இரவு மழையில் ஏறும் மட்டத்தைப் பெரிய அணையோடு ஒப்பிடவே முடியாது. ஆழியாறும் அந்த வகைதான். சிறிய அணை என்றால் தண்ணீரில் கட்டும் யோசனையை இன்னும் ஒரு படி தள்ளி வையுங்கள்.

ஆற்றில் கட்டுவதைப் பற்றி நீண்ட யோசனையே தேவையில்லை. மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கம் பவானியில் படகு நிறுத்தக் கூடாது. பில்லூர் அணையின் முழு உயரம் 100 அடி, 97 அடியைத் தொட்டதும் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். மேலே மழை பெய்கிறது என்பது தெரியும் முன்பே கீழே வெள்ளம் வந்துவிடும். காவிரியில் பூலாம்பட்டி, நெரிஞ்சிப்பேட்டை மாதிரி கதவணைத் தேக்கத்தில் மட்டம் ஒரே சீராகத் தெரியும். ஆனால் பராமரிப்புக்காகக் கதவைத் திறந்தால் மொத்தத் தேக்கமும் வடியும், மேட்டூரிலிருந்து உபரி வந்தால் படகுப் போக்குவரத்தே நிற்கும். அங்கே ஓட்டுகிறவர்கள் கதவணைப் பணியாளர்களிடம் முன்கூட்டியே தேதி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் படகு எங்கே

மூங்கில் பரிசலுக்குக் கேள்வியே கிடையாது, கரைதான். தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் பின்னலின் அடிப்பகுதி முதலில் கருத்து, பிறகு நகம் வைத்தால் இறங்கும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, நிழலில் கவிழ்த்து, விளிம்பின் ஒரு பக்கத்தை ஒரு சாண் உயரக் கல்லில் தூக்கி வையுங்கள். முழுக்கத் தரையோடு கவிழ்த்தால் காற்று போகாது, கரையான் ஏறும். தார் பூசிய பரிசல்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் மதிய வெயிலில் ஒட்டிக்கொள்ளும், நடுவில் காய்ந்த வைக்கோல் போடுங்கள். கல்லோடு சேர்த்துக் கயிற்றால் கட்டவும் வேண்டும், கவிழ்த்த பரிசலைக் காற்று உருட்டிக்கொண்டு போய்விடும். ஃபைபர் பரிசலுக்கும் இதே முறைதான், கரையான் கவலை மட்டும் இல்லை.

ஃபைபர் படகு தண்ணீரிலேயே கிடந்தால் ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு அரை மில்லிமீட்டர் கனம்தான், தண்ணீரை முழுக்கத் தடுக்காது. மெல்ல உள்ளே கசியும் தண்ணீர், ஃபைபர் இழைகளைப் பிணைக்கும் ரெசினில் (பிசினில்) கரையக்கூடியதைக் கரைத்துக்கொண்டு, இன்னும் தண்ணீரை இழுத்து, கொப்புளமாகப் புடைக்கும். கடல் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில் இந்தக் கொப்புளம் சீக்கிரம் வரும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம். நம் அணைத் தண்ணீர் இரண்டும்தான். வருடம் முழுக்க மிதக்கும் ஃபைபர் படகுக்கு, மூன்று மாதம் கரையில் காய்வது ஓய்வு மட்டுமல்ல, வைத்தியமும்கூட.

கரையேற்றியதும் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயும் முன் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவில் மேடு தெரிந்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு, கூர்மையான முனையால் குத்துங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும், நீர் பீய்ச்சி அடிக்கும். வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் அது பெயின்ட் கொப்புளம் அல்ல, ரெசின் வரைக்கும் போயிருக்கிறது. கொப்புளத்தைச் சுரண்டித் திறந்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஓர் அடிக்கு ஓர் அடி தெளிவான பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி வையுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்தபிறகு எபாக்சியால் (இரண்டு பாகத்தைக் கலந்ததும் இறுகும் பிசின்) நிரப்பி, அதன்மேல் எபாக்சிப் பூச்சு இரண்டு மூன்று கை கொடுத்து மொத்தம் கால் மில்லிமீட்டர் கனம் வர வேண்டும். இந்த இடத்தில் சாதாரண பாலியஸ்டர் ரெசின் போட்டால் அடுத்த வருடம் அதே இடத்தில் கொப்புளம் வரும்.

விரிசல், ஓட்டை மாதிரி மற்ற வேலைகளுக்குப் பாலியஸ்டர் ரெசினும் கண்ணாடியிழை விரிப்பும் (மேட்) போதும். ஒரு கிலோ ரெசினுக்கு, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவம் 10 முதல் 15 மில்லி, அதை நன்றாகக் கலக்கியபிறகு ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் 10 முதல் 15 மில்லி. கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒன்றோடொன்று நேராக ஊற்றிக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி அளவுக் குவளை வையுங்கள், ஒன்றை மற்றதில் தோய்க்காதீர்கள். மழை ஈரம் இருக்கும் நாளில் இந்த வேலை வேண்டாம், ரெசின் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

அலுமினியப் படகு நல்ல தண்ணீரில் நன்றாக நிற்கும். செம்பு, பித்தளை, எவர்சில்வர் பாகங்கள் நேராக அலுமினியத்தைத் தொடும் இடத்தில்தான் அரிப்பு வரும், நடுவில் ரப்பர் வைக்க வேண்டும். துருத்தடுப்புக்குத் தொங்கவிடும் உலோகக் கட்டி கடலுக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம். கடற்கரை ஊரிலிருந்து வாங்கி வந்த படகில் இருப்பது துத்தநாகமாக இருந்தால் நம் அணையில் அது வேலை செய்யாது.

பலகை வைத்து அடித்த மரப்படகு இதற்கெல்லாம் நேர் எதிர். நம் பக்கம் அது அரிது என்றாலும் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்ல வேண்டும்: மூன்று மாதம் வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கிப் பொருத்து விடும், மறுபடி இறக்கும்போது நான்கு பக்கமும் ஒழுகும். அதைத் தண்ணீரில் வைப்பதே நல்லது. கரையேற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஈரச் சாக்கு போர்த்தி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள்.

கரையேற்றும் விதம்

நாள் பார்ப்பதில் ஆரம்பிக்க வேண்டும். அணை நிறைந்திருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். மட்டம் இறங்க விட்டால் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் வண்டல் சேறு வெளியே வரும். மேலே காய்ந்த மாதிரி ஏடு கட்டியிருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். டிராக்டர் அதில் மாட்டினால் படகை விட்டுவிட்டு டிராக்டரை இழுக்கிற வேலைதான் நடக்கும்.

இடம் முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அந்தக் கோடு எங்கே என்று சந்தேகம் இருந்தால் நிரந்தரமான மரங்கள் எங்கே ஆரம்பிக்கின்றன என்று பாருங்கள், தண்ணீர் வருடா வருடம் ஏறி இறங்கும் பட்டையில் பெரிய மரம் நிற்காது. நீர்வளத்துறை நிலமா, வனத்துறை நிலமா என்று கேட்டு அனுமதியோடு வையுங்கள். பவானிசாகர் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது, அமராவதி ஆனைமலைக் காப்பகத்தை ஒட்டியது. யானை தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் படகு கிடந்தால் அது சுற்றிப் போக வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். உப்பு, தவிடு, மீன் தீவனம் எதுவும் படகில் இருக்கக் கூடாது. மீன் வாடை அடிக்கும் வலையைத் தனியாக அலசி உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், எலி முதலில் தேடுவது அதைத்தான்.

ஏற்றும் முன் எஞ்சின், பேட்டரி, டேங்க், துடுப்பு, நங்கூரம் எல்லாவற்றையும் இறக்கி, உள்ளே தேங்கிய தண்ணீரை இறைத்துவிடுங்கள். 15 அடிப் படகுக்கு நான்கங்குல பி.வி.சி. குழாய் அல்லது சவுக்குக் கட்டை நான்கைந்து உருளையாகப் போதும். பின்னால் விடுபடும் கட்டையை எடுத்து முன்னால் போட ஒருவர், பக்கத்துக்கு மூன்று பேர். டிராக்டரால் இழுப்பதென்றால் முன்மூக்கில் கீழே இருக்கும் வளையத்தில் கயிறு கட்டி நேராக இழுக்க வேண்டும், மேல் கைப்பிடியில் கட்டினால் அது பெயர்ந்துகொண்டு வந்துவிடும். கயிற்றின் நேர் பாதையில் யாரும் நிற்கக் கூடாது.

படகு உட்காரும் தாங்கிகளில்தான் பலரும் தவறு விடுகிறார்கள். முழு எடையும் அடியின் நடு முதுகெலும்பில் இறங்க வேண்டும், பக்கத்துத் தாங்கிகள் சாயாமல் பிடிக்க மட்டும். 15 அடிப் படகுக்கு முதுகெலும்பின் கீழே குறைந்தது மூன்று தாங்கி, அதில் ஒன்று பின்பலகைக்கு நேர் கீழே. ஹாலோ பிளாக்கை ஓட்டை பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி படுக்கவைத்தால் நொறுங்கும், ஓட்டை மேலும் கீழுமாக நிற்க வேண்டும், மேலே இரண்டங்குலப் பலகை வேண்டும். பழைய டயர் மெத்தென்று தாங்கும், ஆனால் தண்ணீர் நின்று கொசு பெருகும் என்பதால் அடிப்பக்கம் மூன்று நான்கு ஓட்டை போடுங்கள். தாங்கிகள் சரியாக உட்கார்ந்தனவா என்று ஒரு மழை பெய்தபிறகு திரும்பப் பாருங்கள், ஒரு பக்கத்து மண் இளகி இறங்கியிருந்தால் எடை முழுக்க ஒரே பலகையில் ஏறியிருக்கும். அந்த இடத்தில் அடிப்பாகம் உள்வாங்கியிருப்பது கை வைத்துத் தடவினாலே தெரியும்.

மூக்கை நான்கைந்து அங்குலம் தூக்கி, பின்பக்கத்து டிரெயின் பிளக்கை (தண்ணீர் வடியும் ஓட்டையின் மூடி) கழற்றிவிடுங்கள். திறப்பு 12 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள படகில் ஓர் அங்குல மழை என்பது 113 லிட்டர், அதாவது 113 கிலோ. நான்கங்குலம் பெய்த ஒரு நாளில் நாலரைக் குவிண்டால் உள்ளே ஏறும். கழற்றிய பிளக்கை ஸ்டியரிங்கிலோ எஞ்சின் கைப்பிடியிலோ கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஓட்டையில் சிறு கம்பிவலை அடைத்தால் குளவி கூடு கட்டி அடைக்காது.

தார்ப்பாயை நடுவில் ஒரு மூங்கில் கொடுத்துக் கூரை மாதிரி சரித்துப் போடுங்கள். இரண்டு முனையும் திறந்திருந்தால் காற்று ஓடும். தார்ப்பாய் நேராகப் படகின் மேல் படிந்தால் பள்ளத்தில் தண்ணீர் குளமாக நின்று கிழிக்கும்.

கூரையுள்ள இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. பவானி, பள்ளிபாளையம், ஈரோடு பக்கம் தறி ஓடாமல் பூட்டிக் கிடக்கும் விசைத்தறிக் கூடங்கள் இதற்கு அருமையாகப் பொருந்தும்: சிமென்ட் தரை, ஷீட் கூரை, பூட்டு. பேசி முடிக்கும் முன் கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள், டிரெய்லரோடு சேர்ந்த அகலம் படகின் அகலத்தைவிட அதிகம். கோழிப்பண்ணைக் கொட்டகையை ஒட்டி வைக்காதீர்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பு வயரையும் பித்தளை இணைப்பையும் பச்சை பூக்க வைத்து அரித்துவிடும். சோளத்தட்டுப் போர் அருகேயும் வேண்டாம், ஃபைபரில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

டிரெய்லரிலேயே நிற்பதென்றால் அச்சுக்குக் கீழே கல் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். தண்ணீரில் இறங்கிய பேரிங்குக்குப் புது கிரீஸ் இப்போதே வைக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து வைத்தால் துரு முந்திக்கொள்ளும்.

தண்ணீரில் கட்டுவதென்றால்

வாரத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டுகிற மீன் குத்தகைக்காரர்கள், காவலுக்கு ஆள் போட்டிருக்கும் விடுதிகள் ஆகியோருக்கு இது பொருந்தும். படகு மரமோ அலுமினியமோ, அல்லது கொப்புளம் இல்லாத ஃபைபரோ என்றால் துணிந்து கட்டலாம்.

முதலில் காற்றுப் பக்கம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடித்த காற்று, ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குக்கு மாறிவிடும். ஆடியில் பாதுகாப்பாக இருந்த மேற்குக் கரை மூலை, இப்போது அலை வந்து மோதும் பக்கம். மேட்டூர் மாதிரி 59.25 சதுர மைல் விரிந்த நீர்ப்பரப்பில் காற்று ஓட நீளம் கிடைத்தால், எழும் அலை சாதாரணமல்ல. வடக்கு அல்லது கிழக்குக் கரையில், மேடு மறைக்கும் சிறு வளைவாகத் தேடுங்கள். அந்த இடத்தில் ஆழம் குறைந்தது ஐந்தடி இருக்க வேண்டும், மூங்கில் கழியால் நாலாபுறமும் குத்தி அடியில் கல், கட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்மூக்கிலிருந்து கரைக்கு இரண்டு கயிறு, விரித்த கை மாதிரி இரண்டு திசைக்கு. பின்பக்கத்திலிருந்து ஆழத்தை நோக்கி ஒரு நங்கூரம். மட்டம் இறங்கினால் கரைக்கயிற்றை விட்டுக்கொடுத்து நங்கூரக் கயிற்றைச் சுருக்குவது, ஏறினால் எதிர்ப்பக்கம். கரைக்கயிறு ஒவ்வொன்றும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது, மிச்சத்தைச் சுருட்டி மேலேயே வையுங்கள். கரையில் நின்றபடியே விடவும் இழுக்கவும் முடிகிற மாதிரி கட்டுவது முக்கியம். அமராவதியிலும் சிறுமுகைப் பக்கத்துப் பவானியிலும் முதலை உண்டு, பொழுது சாய்ந்தபிறகு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிறு மாற்றுகிற வேலையே இருக்கக் கூடாது.

நங்கூரமாகக் கார் டயருக்குள் கான்கிரீட் ஊற்றி, நடுவில் கம்பி வளையம் புதைத்ததைப் போடுவார்கள். கான்கிரீட் தண்ணீருக்குள் போனதும் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். கரையில் 100 கிலோ இருந்தது அடியில் 58 கிலோதான். 15, 16 அடிப் படகுக்குக் கரை எடை 100 கிலோவுக்குக் குறைய வேண்டாம். வளையத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி, அதன்பிறகு கயிறு, இல்லையென்றால் அடியில் கல்லில் உரசி அறும்.

கயிறு 12 மில்லிமீட்டர் நைலான். நைலான் இழுவிசைக்கு நீண்டு கொடுக்கும், அலையின் வெட்டு வளையத்துக்கு நேராகப் போகாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், மற்ற படகின் விசிறியில் சுற்றும், வெயிலில் நைந்துபோகும். கையில் எடுத்துப் பின்னலை எதிர்ப்பக்கம் முறுக்கினால் வெள்ளைத் தூள் உதிர்கிறது என்றால் அந்தக் கயிறு முடிந்துவிட்டது. விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தண்ணீர் ஹோஸை ஓரடி நறுக்கிக் கோர்த்துவிடுங்கள்.

மழைக்கூரை இதற்கும் கட்டாயம். தானியங்கிப் பம்ப் இருந்தாலும் பேட்டரி தீர்ந்தால் அது இல்லாததற்குச் சமம். தினமும் காலை 8 மணி நிலவரப்படி அணையின் மட்டம், வரத்து, வெளியேற்றம் செய்தித்தாளில் வரும். வரத்து திடீரென்று கூடினாலும், வரத்தைவிட வெளியேற்றம் பெரிதாகிக்கொண்டே போனாலும், இரண்டு நாள் காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் கயிற்றைப் பாருங்கள்.

எஞ்சினை மட்டும் எப்படியும் மேலே

படகு எங்கே நின்றாலும் அவுட்போர்டு எஞ்சினை (பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்) கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கழற்றும் முன் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓடவிட்டு வண்டலைக் கழுவுங்கள். கடைசியில் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகும். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்து, நாளானால் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் ஜெட் அடைப்பதும் உள்ளே வெள்ளையாகப் பூப்பதும் இதனால்தான். டேங்கில் மிச்சமிருப்பதை பைக்குக்கு ஊற்றித் தீர்த்துவிடுங்கள், ஆயில் கலந்த டூஸ்ட்ரோக் பெட்ரோலாக இருந்தால் அதை ஃபோர்ஸ்ட்ரோக் பைக்கில் ஊற்றாதீர்கள். டீசல் எஞ்சினுக்கு இது எதிர்: டேங்க் நிறைந்திருக்க வேண்டும், வெற்றிடம் இருந்தால் இரவுக் குளிரில் உள்சுவரில் நீர் கோர்க்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல நான்கைந்து முறை இழுத்துப் பரப்பி, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். கீழ் கியர்பாக்ஸின் ஆயிலை வடித்துப் பாருங்கள். டீயின் நிறத்தில் பால் மாதிரி கலங்கி வந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது, சும்மா இருக்கும் இந்த மாதங்களே மாற்ற நல்ல நேரம். தண்ணீர் பம்ப்பின் ரப்பர் விசிறியையும் அப்போதே பாருங்கள், வண்டல் தண்ணீரில் அதன் இதழ் சீக்கிரம் தேயும். எஞ்சினை நிற்கிற வாக்கில் ஸ்டாண்டில் மாட்டி வையுங்கள். பேட்டரியை மாதம் ஒருமுறை அளந்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள்.

திரும்ப இறக்கும்போது

மாசியில் இறக்கும் முன் டிரெயின் பிளக், கயிறு, வளையத்தின் நட்டு மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் இருந்த இறங்குதுறையை விட்டுத் தண்ணீர் இப்போது நூறு அடி பின்வாங்கிப் போயிருக்கும், புதிய விளிம்பில் சேறு இல்லாத, கல் பாவிய இடமாகத் தேட வேண்டும். நான்கைந்து அடி ஆழத்தில் நிறுத்தி, எஞ்சின் மாட்டாமல், ஆள் ஏற்றாமல் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கே சாக்பீஸால் குறி போட்டு, அன்றைக்கே மேலே இழுத்துவிடுங்கள். காய்ந்திருந்தால் எஞ்சினை மாட்டி, குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் சீராகப் பீய்ச்சுகிறதா என்று பார்த்தபிறகு கரையை விட்டு நகருங்கள்.